டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டது குற்றமா?

வியாழக்கிழமை நம் பெண்கள் குழுவில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. குழுவில் இல்லாதவர்களுக்கும் இதற்குள் யாராவது ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருப்பார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண், மூன்று வாரமாக அரிப்பு, வெள்ளைப்படுதல் என்று கேட்டாள். பத்தே நிமிடத்தில் ப்ரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியா அடைத்த கேப்சூல் டப்பாவின் படமும், பணம் அனுப்ப க்யூஆர் கோடும் வந்துவிட்டன. "முதலில் டாக்டரிடம் காட்டு, என்னவென்று தெரியட்டும்" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்குத்தான் நான் அடுத்தவர் பிழைப்பைக் கெடுப்பவள், ரொம்பப் படித்தவள்.

சரி, படித்தவளாகவே பேசுகிறேன்.

பிறப்புறுப்புக்குள் நமக்கு வேண்டிய பாக்டீரியா உண்டு, லாக்டோபேசிலஸ் என்று பெயர். 1892-லேயே டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்துவிட்டார். அவை அமிலம் சுரந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 4.5-க்குள் வைத்திருக்கும். அவை குறைந்து வேறு பாக்டீரியா பெருகினால் மீன் வாடை வரும். ஆனால் வெள்ளை திட்டுத் திட்டாகப் பட்டு அரிப்பது பெரும்பாலும் பூஞ்சை. அதில் பிஎச் அநேகமாக மாறுவதே இல்லை, நல்ல கிருமிகள் அவை பாட்டுக்கு அங்கேயே இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எது என்று பார்க்காமல் டப்பாவை நீட்டினால் எப்படி?

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அந்த டப்பாவை வாங்கியவள்தான். ஒன்றில்லை, நாலு. மூன்று வருடத்துக்கு முன்னால், மாமியார் வீட்டில் முன்னோருக்குப் படைக்கும் படைப்பு சமயம். எல்லோரும் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் இரண்டாம் கட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூடு என்று அப்பத்தா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்கள். வாசனை வாஷ் வேறு வாங்கிப் போட்டு, எரிச்சலை இன்னும் கூட்டிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு லேடி டாக்டரிடம் போனேன். சாம்பிள் எடுத்தார், பூஞ்சை. சர்க்கரை ஏறினாலும் பூஞ்சை வரும் என்று ரத்தத்தையும் பார்க்கச் சொன்னார். வெறும் வயிற்றில் சர்க்கரை 214.

நாலு டப்பா முழுங்கிக்கொண்டிருந்த நாளெல்லாம் சர்க்கரை உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. "இயற்கைதானே, கெடுதல் என்ன?" என்பவர்களுக்கு, கெடுதல் அந்த மூன்று மாதம்.

"ஆராய்ச்சி இருக்கிறது ஆச்சி." இருக்கிறது, மறுக்கவில்லை. 2020-ல் அமெரிக்காவில் லாக்டோபேசிலஸில் கிரிஸ்பேட்டஸ் என்ற ஒரு வகையை வைத்து ஒன்று வந்தது. பாக்டீரியா தொற்றுக்கு முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு இந்தக் கிருமியை உள்ளே வைத்தார்கள். 12 வாரத்துக்குள் தொற்று திரும்பியது 100-க்கு 30 பேருக்கு, போலி மருந்து வைத்தவர்களில் 45 பேருக்கு. நல்ல சேதிதான். ஆனால் நோயைக் கண்டுபிடித்து, மருந்தும் கொடுத்த பிறகு! அந்தக் கிருமி உங்கள் டப்பாவில் இருக்கிறதா என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை, கைகூப்பும் பொம்மை மட்டும் வந்தது.

தயிர் சாப்பிடச் சொன்னவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் சாப்பிடுகிறேன், வயிற்றுக்கு. தயிரை உறைய வைப்பவை பெரும்பாலும் வேறு இனம். அதை அங்கே தடவச் சொன்னவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

"ஆண்களும் பார்க்கும் முகநூலில் இதையெல்லாமா?" பார்க்கட்டும். பெரியப்பாவின் புராஸ்டேட் ஆபரேஷனை முகப்பில் உட்கார்ந்து வளவு முழுக்கக் கேட்கப் பேசினோம். டியூப் எத்தனை நாள் இருந்தது என்பது வரை எனக்குத் தெரியும். அது ஆபாசமில்லை. ஒரு பெண்ணுக்கு அரிக்கிறது என்றால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. இறங்கின குரலில்தான் கேப்சூல் விற்கிறது.

விற்கிற ஆச்சி கெட்டவர் இல்லை. என் மகளுக்குச் சின்ன வயதில் செய்த திருவாதிரைப் புதுமைச் சடங்குக்கு இரண்டு நாள் கூடவே இருந்து சீப்புச் சீடை செய்து கொடுத்தவர். அவர்தான் "உனக்குப் பொறாமை" என்று எழுதினார். அதற்கு எட்டுப் பேர் ஹார்ட் வேறு போட்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் என் சொந்தப் பங்காளி வீடு.

நேற்று ராத்திரி அந்தப் பெண் தனியாக எழுதினாள். "டாக்டரிடம் போறேன் ஆச்சி. வீட்டில் என்ன சொல்லிட்டுப் போறது?"

பல் வலி என்று சொல்லச் சொன்னேன். இவ்வளவு பேசுகிற நான்தான்.