காரணத்தை எழுதக்கூட விடமாட்டீர்களா?

நேற்று மதியம் ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. டெல்லியில் பிஎச்டி செய்கிறவர்களுக்கும் செய்து பாதியில் விட்டவர்களுக்கும் ‘செக்‌ஷன்’ என்ற பல்கலைக்கழக அலுவலகப் பிரிவு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பச்சை பீரோ, கட்டுக்கட்டாக ஃபைல், ‘லஞ்ச் கே பாத்’ (சாப்பாட்டுக்கு அப்புறம் வா) என்ற பதில்.

எங்கள் துறை ஜூனியர் ஒருத்தி, தென்காசிப் பக்கம், படிப்பை விட்டுவிட்டுப் போகிறாள். நூலகம், ஆய்வகம், விடுதி, கணக்குப் பிரிவு என்று அலைந்து நோ டியூஸ் (பாக்கி எதுவும் இல்லை) கையெழுத்தெல்லாம் வாங்கி, துறைத்தலைவர் கையெழுத்தும் வாங்கியாயிற்று. படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம்: விலகுவதற்கான காரணம். அவள் இரண்டே வரி எழுதியிருந்தாள். எஸ்ஆர்எஃப் (மூன்றாம் வருடத்திலிருந்து தரும் மூத்த ஆய்வாளர் உதவித்தொகை) கோப்பு நகரவில்லை, பல மாதமாக உதவித்தொகை வரவில்லை, அதனால் தொடர முடியவில்லை. அவ்வளவுதான். யார் பேரும் இல்லை, ஒரு கடுமையான வார்த்தை இல்லை.

செக்‌ஷன் மேஜையில் இருந்த மனிதர் படிவத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். “இதெல்லாம் இங்கே எழுதக்கூடாது” என்றார் இந்தியில். ஏன் என்று கேட்டோம். ஆடிட்டில் கேள்வி வருமாம். வரட்டுமே, அதற்குத்தானே ஆடிட்? பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அப்புறம் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, “பர்சனல் ரீசன்னு எழுதுங்க” என்றார். அடித்து எழுதினால் செல்லாது, ஒயிட்னர் போட்டாலும் செல்லாது, புதுப் படிவம்தான். புதுப் படிவம் என்றால் நூலகத்திலிருந்து மறுபடி எல்லாக் கையெழுத்தும். நான் சண்டைக்குப் போனேன். அவள்தான் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “விடுங்கண்ணா, ராத்திரி ட்ரெயின் இருக்கு, டெபாசிட் பணமாவது திரும்பக் கிடைக்கணும்.” மாலை வரை மறுபடி அலைந்து, கடைசியில் அந்தக் கட்டத்தில் அவர் சொன்னதையே எழுதினாள். அவர் வாங்கி, சீல் குத்தி, ஃபைலில் போட்டார்.

அவளுக்கு என்ன சொந்தக் காரணம்? கல்யாணமா, காய்ச்சலா? முதல் இரண்டு வருடம் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) முடிந்தால் மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்து வேலையைப் பார்த்து எஸ்ஆர்எஃப்புக்குப் பரிந்துரைக்க வேண்டும். நெறியாளர் ஒருவர், துறைத்தலைவர் ஒருவர், வெளி நிபுணர் ஒருவர். நிபுணருக்குத் தேதி ஒத்துவந்தால் நெறியாளர் வெளிநாட்டில் இருப்பார், நெறியாளர் திரும்பினால் துறைத்தலைவர் மாறியிருப்பார். அந்த ஒரு மணி நேரக் கூட்டம் நடக்காததால் அவள் பணம் நின்றது. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் 42,000 ரூபாய் என்று உயர்த்தியபோது நாங்களெல்லாம் சந்தோஷப்பட்டோம். கைக்கு வராத பணம் எவ்வளவு உயர்ந்தால் என்ன? வீட்டு வாடகைக்கு அண்ணனிடம் கேட்டாள், அப்புறம் என்னிடம் கேட்டாள், அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். துறையில் ஒரு பேராசிரியருக்காவது உறைத்ததா?

இப்படித்தான் கணக்கு உருவாகிறது. 2019-ல் நாடாளுமன்றத்தில் கொடுத்த பதிலைப் பாருங்கள். இரண்டு வருடத்தில் ஐஐடிகளிலிருந்து விலகியவர்கள் 2,461 பேர், அதில் பாதிக்கும் மேல் முதுகலையும் பிஎச்டியும். காரணம்? வேறு கல்லூரி, வேலை, வெளிநாட்டுப் படிப்பு, உடல்நிலை, அப்புறம் சொந்தக் காரணம். அந்தக் கடைசிக் காரணத்துக்குள் எத்தனை பேருடைய வராத பணமும் நகராத ஃபைலும் புதைந்து கிடக்கிறது என்று யார் தோண்டிப் பார்த்தார்கள்?

நாடு முழுக்க பிஎச்டியில் இருப்பவர்கள் 2014-15-ல் 1.17 லட்சம், 2021-22-ல் 2.12 லட்சம் என்கிறது மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு. இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், சொல்லட்டும். ஆனால் ஒரே வருடம் சேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்து, இத்தனை பேர் முடித்தார்கள், இத்தனை பேர் போய்விட்டார்கள் என்று அந்த அறிக்கையில் தேடினால் கிடைக்காது. அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தார்கள், பத்து வருடம் கழித்தும் முடித்தவர்கள் சுமார் 57 சதவீதம்தான் என்று தெரிந்தது. அசிங்கமான எண்தான், ஆனாலும் வெளியிட்டார்கள். பிரிட்டனில் 1980களிலேயே, நான்கு வருடத்தில் ஆய்வேடு கொடுக்காதவர்கள் அதிகம் உள்ள துறைகளுக்குச் பொருளாதார, சமூக ஆய்வுக் கவுன்சில் உதவித்தொகை இடங்களை நிறுத்தியது. மாணவர் முடிக்காவிட்டால் அடி துறைக்கு விழுந்தது. இங்கே பொதுப்பணத்தில் ஒரு ஆளை மூன்று வருடம் பயிற்றுவித்து, பாதியில் அனுப்பிவிட்டு, ஒரு துறைத்தலைவருக்கு ஒரு மெமோ கூட வருவதில்லை.

முடிக்க நினைப்பவர்களுக்கும் கழுத்தில் கத்திதான். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பிஎச்டிக்கு ஆறு வருடம் வரை அனுமதி, மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. உதவித்தொகை மட்டும் ஐந்தோடு சரி. ஆய்வேடு எழுதும் கடைசி வருடம் எதைச் சாப்பிடுவது? கோச்சிங் சென்டரில் வகுப்பெடுக்கப் போகிறார்கள், எழுதுவது தள்ளிப்போகிறது, அப்புறம் ஒருநாள் அதே கட்டத்தை நிரப்ப வருகிறார்கள்.

நேற்று ஸ்டேஷனில் அவளை ஏற்றிவிட்டு முனிர்க்காவில் இருக்கும் என் வாடகை அறைக்கு வந்தால் கதவிடுக்கில் வீட்டுக்காரர் கரண்ட் பில் சொருகி வைத்திருக்கிறார். யூனிட்டுக்குப் பத்து ரூபாய். வீட்டுக்கார ஐயா, டெல்லியில் மாதம் 200 யூனிட் வரை இலவசம்! அரசு கொடுக்கும் சலுகை உங்கள் மீட்டரோடு நின்றுவிடுகிறது, அறைக்கு அறை தனியாகச் சப் மீட்டர் வைத்து எங்களிடம் முழுசாகக் கறக்கிறீர்கள். ரசீது கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறீர்கள். இந்த மாதம் நான் கேட்கத்தான் போகிறேன்.