80 வீத வரவைக் கடைசிக் கிழமையில் எண்ணி என்ன பயன்?

பல்கலைக்கழகத்தில் விரிவுரைக்கு வராத பிள்ளையைத் துறை எப்போது தேடுகிறது? அநேகமாகப் பரீட்சைக்கு முன், வரவுத் தாள்களைக் கூட்டிப் பார்க்கும்போது.

கணக்கை ஒருக்கால் பாருங்கள். இரண்டு கிரெடிட் பாடம் என்றால் 15 கிழமையில் 30 மணித்தியாலம். பரீட்சை எழுத 80 வீத வரவு வேண்டுமென்றால் தவறவிடக்கூடியது 6 மணித்தியாலம், அதாவது மூன்றே விரிவுரை. நாலாவதும் போனால், மருத்துவச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு அந்தப் பாடம் போச்சு. ஐந்தாம் கிழமையிலேயே முடிந்துபோன விசயத்தை 15ஆம் கிழமையில் கண்டுபிடிக்கிறோம். தாள் மட்டும் ஒழுங்காக அலுவலக ஃபைலில் கிடக்கும்.

முதலாம் வருடத்துக்காவது மூன்றாம் கிழமை வெள்ளிக்கிழமை அந்தத் தாள்களை எக்செலில் ஏற்றுங்கள். இரண்டு தரம் வராதவர்களின் பெயர் மட்டும் போதும். அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டாம். வெட்கத்தில் மற்றப் பாடங்களுக்கும் வராமல் விடுவார்கள். தற்காலிக உதவி விரிவுரையாளர் ஒருவர் போன் எடுக்கட்டும். துறைத்தலைவர் எடுத்தால் எல்லாருக்கும் காய்ச்சல்தான். "ஏன் வரேல்லை?" என்று தொடங்காமல் "எந்தப் பாடம் கரைச்சலாய் இருக்கு?" என்று கேட்டால் உண்மை வரும்.

வரும் பதில்களுக்கு ஒரே மருந்து இல்லை. ரியூசன் படிப்பித்துச் செலவு பார்க்கும் பிள்ளைக்குப் புத்திமதி உதவாது. பின்னேர விரிவுரையைக் காலைக்கு மாற்றினால் உதவும். பகிடிவதை என்றால் துறைக்குள் சமாதானம் பேசக்கூடாது. இலங்கையின் 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். மாணவ ஆலோசகரிடம் உடனே போக வேண்டும்.

ஆங்கிலம்தான் பெரிய வில்லங்கம். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை முதல் ஆங்கில விரிவுரையிலேயே சொல் தெரியாமல் திகைக்கிறது. பாடம் விளங்கவில்லை என்று தன்னையே மொக்கு ஆக்கிக்கொள்கிறது. அடுத்த கிழமைக்குரிய 20 கலைச்சொற்களைத் தமிழோடு முன்கூட்டியே கொடுங்கள். சிங்கள மாணவர்களும் இருக்கும் வகுப்பில் விரிவுரையைத் தமிழில் நடத்த முடியாது, ஆனால் ரியூட்டோரியலை (பயிற்சி வகுப்பை) சிறு குழுக்களாகப் பிரித்துத் தமிழில் விளக்கலாம். தமிழில் விளக்கினால் தரம் குறையும் என்பவர்களுக்கு: வினாத்தாள் அதேதானே!

முதல் மதிப்பீடு எட்டாம் கிழமையில் வேண்டாம். நாலாம் கிழமையில் 5 புள்ளிக்கு 20 நிமிடச் சோதனை, திருத்தி ஆறாம் கிழமைக்குள் கையில். பிந்தித் திருப்பிக் கொடுத்தால் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பார்கள். ஒரு கிரெடிட்டுக்கு மொத்தம் 50 மணித்தியாலக் கற்றல் என்பது இலங்கைத் தகைமைச் சட்டகத்தின் (SLQF) கணக்கு. அப்படியானால் இரண்டு கிரெடிட்டில் வகுப்புக்கு வெளியே 70 மணித்தியாலம் மிச்சம். அதில் என்ன செய்வது என்று எத்தனை பாடத்திட்டத்தில் எழுதியிருக்கிறது?

விரிவுரையாளர் ஒருவருக்குப் பத்துப் பிள்ளை என்று பிரிக்கிற வழிகாட்டி முறை பெரும்பாலும் படிவத்தில் கையெழுத்தோடு முடிகிறது. பெறுபேறு வந்த கிழமை ஒவ்வொரு பிள்ளையோடும் கால் மணித்தியாலம் கதைத்தால் போதும்.

பாடம் தவறித் திரும்ப எழுதும் ரிப்பீட் பிள்ளைகளை மறந்துவிடுகிறோம். திரும்ப எழுதினால் பல பீடங்களில் C தரத்துக்கு மேலே கிடையாது. இதற்குள் இரண்டாம் வருட நேரசூசியும் முதலாம் வருடப் பாடமும் ஒரே மணிக்கு மோதினால் அந்தப் பிள்ளை எங்கே இருக்கும்? நேரசூசியை ஒட்ட முன் ரிப்பீட் பெயர்ப்பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒருக்கால் சரிபாருங்கள்.