அக்காவின் வயரிங் சான்றிதழ் பற்றி ஒரு திருத்தம்

மறைந்த நம் எலக்ட்ரீஷியன் அக்காவுக்கான இந்த அஞ்சலிப் பதிவில் மேலே ஒரு நண்பர், மலேசியாவில் பெண்களுக்கு வயர்மேன் சான்றிதழ் (மின்வயரிங் வேலை பார்ப்பதற்கான தகுதிச் சான்றிதழ்) கொடுப்பதில்லை, அதனால் அக்கா வேறொரு ஆண் பெயரில்தான் வேலை பார்த்திருப்பார் என்று எழுதியிருக்கிறார். அதைப் பலர் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியில்லைங்க.

தீபகற்ப மலேசியாவில் மின்வேலைத் தகுதிச் சான்றிதழைக் கொடுப்பது எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா. அதற்கான நிபந்தனைகள் 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகளில் இருக்கின்றன. ஆணாக இருக்க வேண்டும் என்று அதில் எங்குமே இல்லை. என் பேச்சை நம்ப வேண்டாம். ஆணையத்தின் இணையத்தளத்தில் அந்த விதிகளை எடுத்து, தகுதிபெற்றவர்கள் பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். போதாதென்றால் ஆணையத்துக்கே எழுதிக் கேளுங்கள்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் அக்காவின் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும், கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும். அவர் பெயர்தான், அவர் படம்தான். 2017 நவம்பர் வெள்ளம் வடிந்ததும் எங்கள் வீட்டு சுவிட்ச் போர்டைக் கழற்றி, சேற்றைத் துடைத்து, "காயாம மெயினைப் போட்றாதம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ஒரு காசு வாங்கவில்லை.

அவர் லெஸ்பியன் என்பதை மறைத்து வாழ்ந்தவரில்லை. இந்த அஞ்சலியை எழுதியதே அவருடைய துணைவியார். அவர் படிக்கிற இடத்தில், அக்கா தன் உழைப்பால் வாங்கிய சான்றிதழை இன்னொருவர் கணக்கில் எழுதாதீர்கள். அந்தப் பதிவைத் திருத்திவிட்டால் நன்றாக இருக்கும், அண்ணே.