கணக்கை எடுக்காமல் போனைக் கைமாற்றாதீர்கள்

பழைய போன் வாங்கி மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். விற்றவரை யாரும் கேட்பதில்லை. அவருக்கு முன்னால் அந்தப் போனை வைத்திருந்தவரை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. முந்தைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் பூட்டிக் கிடக்கும் போனால் வரும் நஷ்டம், அந்தப் பூட்டைத் திறக்க வழியே இல்லாத கடைசி ஆளின் தலையில்தான் விழுகிறது. தடுத்திருக்கக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அதை முதலில் வைத்திருந்தவர், இன்னொருவர் அவரிடமிருந்து வாங்கி விற்ற கடைக்காரர். பொறுப்பும் அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் தெரு முனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவின் மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். வகுப்புக் குறிப்பெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது என்பதால், புறநகரில் ஒரு கடையில் 8,500 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் ஆண்ட்ராய்டு போன் ஒன்றை வாங்கினார்கள். பில் கிடையாது. ஒரு துண்டுச் சீட்டில் கேரண்டி ஒரு மாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். போன் திறந்த நிலையிலேயே கைக்கு வந்தது. ப்ளே ஸ்டோரில் ஏற்கெனவே யாருடைய மெயிலோ இருந்தது. ஆப் எல்லாம் இறங்குகிறது, வேறென்ன வேண்டும் என்று அப்படியே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். பேட்டர்ன் லாக் மட்டும் அந்தப் பெண் போட்டுக்கொண்டாள். சில மாதங்களில் போன் அடிக்கடி ஹேங் ஆனது. தெரிந்த பையன் ஒருவன் பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி ரீசெட் அடித்துக் கொடுத்தான். அதற்கப்புறம் அந்தப் போனில் வந்தது ஒரே ஒரு திரைதான்: இதில் முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கொடு.

அக்காவுடன் நானும் கடைக்குப் போனேன். "இது ஜிமெயில் லாக்கும்மா, எடுக்க 1,500 ஆகும்" என்றார் கடைக்காரர். கணக்கை எடுக்காமல் விற்றது நீங்கள்தானே என்று கேட்டதற்கு, "நாங்க மொத்தமா லாட்ல எடுக்கறோம் சார், யாரோடதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்" என்று பதில் வந்தது. வெகுநேரம் வாதாடிய பிறகு போனைத் திரும்ப எடுத்துக்கொண்டு பாதிப் பணம் கொடுத்தார்கள். மீதிப் பணம் போனது போனதுதான். விடியற்காலையில் எழுந்து மாவு ஊற்றிச் சம்பாதித்த பணம் அது.

பணத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறு விஷயம். அத்தனை மாதமும் அந்தப் பெண் எடுத்த புகைப்படங்கள் முன்பின் தெரியாத ஒருவரின் கூகுள் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவள் சேமித்த எண்களும் அங்கேதான் போயிருக்கும். அந்தக் கணக்குக்காரர் நினைத்திருந்தால் போன் எந்த இடத்தில் இருக்கிறது என்றுகூடப் பார்த்திருக்கலாம். பதினேழு வயதுப் பெண்ணின் கையில் இருந்த போன் அது. மறுபக்கமும் அதே அளவுக்கு ஆபத்துதான். அந்த மனிதரின் மெயில், படங்கள், சேமித்து வைத்த கடவுச்சொற்கள் எல்லாம் எவர் கையில் வேண்டுமானாலும் கிடைத்திருக்கும். ரீசெட் அடிக்காமலே கைமாறும் இப்படிப்பட்ட போன்களைப் பற்றி நாம் போதுமான அளவு பயப்படுவதில்லை.

இதைப் படித்துவிட்டு, அந்தப் பூட்டே வேண்டாம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அது வந்ததற்கு வலுவான காரணம் உண்டு. 2013 வாக்கில் அமெரிக்கப் பெருநகரங்களில் நடந்த வழிப்பறிகளில் கணிசமானவை செல்போன் பறிப்பாகவே இருந்தன. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மேனும் சான் ஃபிரான்சிஸ்கோ மாவட்ட வழக்கறிஞர் ஜார்ஜ் காஸ்கோனும் சேர்ந்து போன் நிறுவனங்களை நெருக்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஐஓஎஸ் 7 வந்தபோது ஆப்பிள் இந்தப் பூட்டைக் கொண்டுவந்தது. 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 உடன் கூகுளும் கொண்டுவந்தது. நம் கடைகளில் எஃப்.ஆர்.பி. என்று சொல்வது இதைத்தான். 2014 மே மாதம் மினசோட்டா மாநிலம், போன்களில் இப்படியொரு திருட்டுத் தடுப்பு வசதி வேண்டும் என்று சட்டமாக்கியது, பின்னாலேயே கலிஃபோர்னியாவும். ஆப்பிளின் பூட்டு வந்த முதல் 12 மாதங்களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐபோன் திருட்டு 40 சதவீதமும் நியூயார்க்கில் 25 சதவீதமும் குறைந்ததாக அந்த நகரங்களின் அதிகாரிகள் அறிவித்தார்கள். திருடனுக்கு அந்தப் போனால் பிரயோஜனம் இல்லை என்று ஆக்கியதுதான் இந்தப் பூட்டின் வெற்றி. பேருந்தில் போனைப் பறிகொடுத்த யாரிடமும் போய் இது தேவையில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் பூட்டுக்குத் திருடனையும் அக்காவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால்தான் விற்பவர் செய்ய வேண்டிய வேலை இவ்வளவு முக்கியமாகிறது. ரீசெட் அடித்தாச்சு, இனி நம்முடையது எதுவும் அதில் இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பட்டன்களை அழுத்தி அடிக்கும் ரீசெட் படங்களை அழிக்கும், ஆப்களை அழிக்கும், கணக்கின் பிடியை விடாது. திருடன் செய்வதும் அதே ரீசெட்தான் என்பதால் அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டில் முதலில் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் கூகுள் கணக்கை நீக்க வேண்டும். சாம்சங் போனென்றால் சாம்சங் கணக்கு, ஷாவ்மி போனென்றால் ஷாவ்மி கணக்கு (முன்பு மி கணக்கு) என்று இன்னொன்றும் இருக்கும், அதையும் நீக்க வேண்டும். அப்புறம் ஸ்க்ரீன் லாக்கை எடுத்துவிட்டு, செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்ய வேண்டும். ஐபோனில் ஐகிளவுட் எனும் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறினாலே பூட்டும் விலகிவிடும். நிதானமாகச் செய்தாலும் பத்து நிமிட வேலை.

தீபாவளி எக்ஸ்சேஞ்ச் சமயத்தில் இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புதுப் போன் கையில் வந்த சந்தோஷத்தில் பழையதை ஸ்விட்ச் ஆஃப் செய்து நீட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அது ஒரு மூட்டைக்குள் போய், மொத்த வியாபாரியிடம் போய், பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரிலோ இருக்கும் கடைக்கு வந்து சேர்கிறது. வீட்டை விற்றுப் பணத்தை எண்ணிக்கொண்டவர் சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனால் சும்மா விடுவோமா? போனில் மட்டும் விட்டுவிடுகிறோம்.

கடைக்காரர்களில் நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் முன்னாலேயே வாடிக்கையாளரை நிறுத்தி, "கணக்கை எடுத்துட்டுக் கொடுங்கண்ணே, இல்லாட்டி வாங்க மாட்டேன்" என்று சொன்ன ஒரு சர்வீஸ் கடைத் தம்பியைத் தெரியும். எல்லாக் கடையிலும் இதுவே வழக்கமானால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நேர் எதிராக, கணக்கு பூட்டிய போனை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பைபாஸ் செய்து விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கிருந்தோ இறக்கிய ஒரு ஏபிகே ஃபைலை, அதாவது ஆப்பை நிறுவும் கோப்பைப் போட்டுக் குறுக்கு வழியில் உள்ளே நுழைகிறார்கள். அப்படித் திறந்த போனில் வங்கி ஆப்பையும் யுபிஐ-யையும் எந்த நம்பிக்கையில் வைப்பது? அடுத்த ரீசெட்டில் பழைய பூட்டு திரும்ப வரலாம். 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15-இல் அந்தக் குறுக்கு வழிகளை கூகுள் இன்னும் இறுக்கிவிட்டது. "பார்ட்ஸுக்காவது ஆகும்" என்று ஐபோனை வாங்குவதும் இப்போது முன்போல் இல்லை. ஐஓஎஸ் 18 முதல், பூட்டிய போனிலிருந்து கழற்றிய பாகத்தை வேறு போனில் மாட்டினால் அதையும் அடையாளம் கண்டு கட்டுப்படுத்துகிறது.

பூட்டிய போன் எல்லாமே திருட்டுப் போன் இல்லை. ஆனால் சில நிஜமாகவே திருட்டுப் போன்தான். அங்கேதான் வாங்கியவர் பாடு இன்னும் மோசமாகிறது. எஸ்.பி. அலுவலகத்தில் மீட்ட போன்களை மேசை நிறைய அடுக்கி உரியவர்களிடம் ஒப்படைக்கும் படம் செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. பார்க்க எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் போன்களில் சிலவற்றையாவது, விஷயம் தெரியாமல் காசு கொடுத்து வாங்கி, ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் இருப்பார்கள். அந்தப் படத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. சட்டமும் போனை அவர்களுக்கு விட்டுத் தராது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, விற்க எனக்கு உரிமை இருக்கிறது என்ற உறுதியை ஒவ்வொரு விற்பனையிலும் விற்பவர் மேல் வைக்கிறது. அதாவது கொடுத்த பணத்தை விற்றவரிடம் திருப்பிக் கேட்கலாம். கேட்க ஒரு பில் வேண்டும். பில் இல்லாமல் எந்தக் கடையில் என்று சொல்லி, எதை வைத்து நிரூபிப்பது? கடையில் வாங்கியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். அங்கேயும் முதலில் கேட்பது பில்தான்.

அரசு தன் பங்குக்குக் கொஞ்சம் செய்திருக்கிறது. தொலைந்த போனைப் புகார் செய்து முடக்க 2023 மே மாதம் வந்த சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசு இணையதளம் உண்மையிலேயே பயனுள்ளது. *#06# அழுத்தினால் வரும், போனின் அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்துக்கும் ஓர் இடைவெளிக்கும் அப்புறம் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்த எண் முடக்கப்பட்டதா, போலியா என்று பதில் வந்துவிடும். 2025 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகள், பழைய போன் வாங்கி விற்பவர்கள் இந்தச் சரிபார்ப்பைச் செய்தாக வேண்டும் என்கின்றன. நல்லது. ஆனால் இது சொல்வது புகாராகி முடக்கப்பட்ட போன்களையும் போலி எண் கொண்ட போன்களையும் பற்றி மட்டும்தான். அக்கா வாங்கிய போன் மாதிரி, யாரும் புகார் கொடுக்காத, வெறும் மறதியால் பூட்டிக் கிடக்கும் போனைப் பற்றி இதில் எதுவும் தெரியாது.

அதைச் சொல்லக்கூடியவை போன் நிறுவனங்கள்தான். ஒரு போன் யாராவது ஒருவர் கணக்கில் பூட்டியிருக்கிறதா என்பது ஆப்பிளுக்குத் தெரியும். 2014-இல் அதற்கென்றே ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் போட்டால் பூட்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். யார் கணக்கு என்று சொல்லாது, சொல்லவும் தேவையில்லை. 2017 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். திருட்டுப் போன்களுக்கு வேறு போனின் எண்ணை ஏற்றுபவர்கள் அந்தப் பக்கத்தைப் பயன்படுத்தியதாக அப்போது செய்திகள் வந்தன. அது காரணமென்றால் அந்த ஓட்டையை அடைத்துவிட்டு இன்னும் நல்ல முறையில் திரும்பக் கொண்டுவந்திருக்க வேண்டும். பூட்டைக் கண்டுபிடித்தவர்களிடம், வாங்குவதற்கு முன் அந்தப் பூட்டைப் பார்க்க ஒரு வழி வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. நுகர்வோர் அமைப்புகள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அது வரும்வரை வாங்குபவர்கள் ஒன்று செய்யுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், கடையிலேயே, உங்கள் கண் முன்னால் போனை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். இணைய இணைப்பு கொடுத்து, உங்கள் கணக்கைப் போட்டு, முகப்புத் திரை வரும்வரை இடத்தைவிட்டு நகராதீர்கள். "சார்ஜ் இல்ல", "வைஃபை இல்ல, வீட்ல போய்ப் போட்டுக்கோங்க" என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். ஐ.எம்.இ.ஐ. எண் அச்சிட்ட பழைய பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஐபோன் பூட்டிக்கொண்டால் ஆப்பிள் நிறுவனம் ஏற்கும் ஆதாரம் முதலில் வாங்கியபோது கொடுத்த அந்த பில்தான். தவணையில் வாங்கிய போனா என்றும் கேளுங்கள். முந்தையவர் இ.எம்.ஐ. கட்டாமல் விட்டால் கடன் கொடுத்த நிறுவனம் தூரத்திலிருந்தே பூட்டும் வசதி சில போன்களில் உண்டு, ரீசெட்டுக்கும் அது போகாது.

கடைசியாக, போனை ஏற்கெனவே விற்றுவிட்டவர்களுக்கு. ஐபோன் விற்றவர்கள் இன்றே ஐகிளவுட் தளத்தில் நுழைந்து உங்கள் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். கைவிட்டுப் போன போன் இன்னும் அதில் இருந்தால் அழித்துவிட்டுக் கணக்கிலிருந்து நீக்குங்கள், இருந்த இடத்திலிருந்தே முடியும். போன் தொலைந்துபோனவர்கள் இதைச் செய்யக் கூடாது. உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த இணைப்பில் கடவுச்சொல்லைப் போடுங்கள் என்று வரும் செய்தியையும் நம்பாதீர்கள், திருடியவர்கள் பூட்டை எடுக்க அனுப்பும் வலை அது. ஆண்ட்ராய்டில் வெளியிலிருந்து நீக்குவது எப்போதும் கைகொடுப்பதில்லை. வாங்கியவர் தெரிந்தவராக இருந்தால் நேரில் போய் உங்கள் கையாலேயே கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்து, கணக்கை எடுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.