மாறுகண் அதிர்ஷ்டம் என்று இன்னும் எத்தனை நாள் சொல்வோம்?

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. குழந்தையின் ஒரு கண் லேசாக மூக்குப் பக்கம் ஒதுங்கியிருந்தால், "மாறுகண் அதிர்ஷ்டம்மா, விடு" என்பார் பாட்டி. "வளர வளர சரியாயிடும்" என்பார் அத்தை. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இப்படிக் காத்திருக்கும் வருஷங்களில்தான் மூளை அந்தக் கண்ணைக் கைகழுவுகிறது.

பார்வை கண்ணோடு முடிவதில்லை. ஒரு கண்ணிலிருந்து சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் கிளம்புகின்றன. அவை கொண்டுவரும் சேதி, மூளையின் நடுவில் உள்ள தாலமஸ் வழியாகப் பின்மண்டையில் உள்ள பார்வைப் புறணிக்கு, அதாவது பார்வையைக் கவனிக்கும் மூளையின் மேற்பரப்புக்குப் போகிறது. வேலூர் கோட்டை எதிரே நின்று பாருங்கள். மதிலின் செங்குத்து ஓரத்துக்குத் துடிக்கும் நியூரான்கள் (மூளையின் நரம்பணுக்கள்) வேறு, அகழித் தண்ணீர் மதிலைத் தொடும் கிடைக்கோட்டுக்குத் துடிப்பவை வேறு. சாய்ந்த கோடுகளுக்குத் தனிக் கூட்டமே உண்டு.

இதைக் கண்டுபிடித்தவர்கள் டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள். 1958-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், மயக்கத்தில் இருந்த பூனையின் புறணியில் மின்முனையை வைத்து, கறுப்புப் புள்ளி உள்ள கண்ணாடி ஸ்லைடுகளைக் காட்டினார்கள். நியூரான் சட்டை செய்யவே இல்லை. ஸ்லைடைச் செருகும்போது அதன் விளிம்பின் நிழல் ஒரு குறிப்பிட்ட சாய்வில் திரையில் நகர்ந்தது, அவ்வளவுதான், படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது!

அப்புறம் அவர்கள் செய்ததுதான் நம் வீடுகளுக்குத் தேவையான பாடம். பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைத் தைத்து, சில மாதம் கழித்துத் திறந்தார்கள். (அந்தக் குட்டிகளை நினைத்தால் மனசு கஷ்டப்படத்தான் செய்கிறது.) கண்ணில் பெரிய பழுது ஏதும் இல்லை. ஆனால் புறணியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்ல நியூரான்களே அநேகமாக இல்லை. எல்லாவற்றையும் திறந்திருந்த கண் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பூனையின் கண்ணை மூடியபோது இப்படி ஆகவில்லை. 1981-ல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மாறுகண் இருந்தாலும், ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தாலும் குழந்தையின் மூளை இதையேதான் செய்கிறது. சோம்பேறிக் கண் என்கிறோமே, அது இதுதான். மாறுகண் இல்லாத பிள்ளைக்குச் சோம்பேறிக் கண் இருந்தால் வெளியே தெரியவே தெரியாது. ஓடும், ஆடும், டிவி பார்க்கும், எல்லாம் ஒரே கண்ணால். நல்ல கண்ணை நீங்கள் பொத்தினால் மட்டும் சிணுங்கி, கையைத் தட்டிவிடும். தட்டிவிடவில்லை என்பதால் கண் சரி என்று அர்த்தமில்லை, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வைத்தியம் எளிது. கண்ணாடி, தேவைப்பட்டால் நல்ல கண்ணின் மேல் தினம் 2 மணி நேரம் ஒட்டுப்பட்டை, பாதிப்பு அதிகமென்றால் 6 மணி நேரம். ஏழு வயதுக்குள் தொடங்கினால் நல்ல பலன். பத்து வயதுப் பிள்ளைக்கும் ஓரளவு தேறும், கைவிட்டுவிடாதீர்கள்.

வங்காளத்திலிருந்து ரயிலேறி, காட்பாடியில் இறங்கி வைத்தியம் பார்க்க வரும் ஊர் வேலூர். பக்கத்து அணைக்கட்டு ஊரிலிருந்து பஸ்ஸில் வரக்கூடிய நாம் வராமல் இருக்கிறோம். எல்கேஜி சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கும் பள்ளிகள், இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சோதித்த சீட்டையும் கேட்கட்டும். பட்டையோடு வரும் பிள்ளையை வகுப்பில் யாரும் கேலி செய்யாமல் டீச்சர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கேலிக்குப் பயந்தே பல பிள்ளைகள் வாசலிலேயே அதைப் பிய்த்துப் போட்டுவிடுகிறார்கள்.