அடிக்குறிப்பு 17

ஒரே ஓர் அடிக்குறிப்புக்காக எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு மூன்று நாள் அலைந்தவன் என்கிற தகுதியில் இதை எழுதுகிறேன்.

ஒரு ஜர்னலுக்கு, அதாவது ஆய்விதழுக்கு, நான் அனுப்பியிருந்த கட்டுரை தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றியது. 1877 தொடக்கத்தில், வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) தானியம், கொஞ்சம் சில்லறை என்று குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், அது உயிர் தரிக்கவே போதாது என்று மல்லுக்கு நின்றார். தெரிந்த கதைதான். என் கையில் புதிதாக இருந்தது ஒரு மாவட்டத்திலிருந்து வருவாய் வாரியத்துக்குப் போன கடிதம். மொத்தக் கட்டுரையும் அதன் தலையில்தான் நின்றது. என் நோட்டில் அதற்கு எதிரே எழுதியிருந்தேன்: 'போர்டு பைல், 1877, பழுப்பு அட்டை.'

அங்கே எல்லா அட்டையும் பழுப்புதான்.

கட்டுரையைப் படித்துப் பார்க்க ஜர்னல் அமர்த்திய மதிப்பீட்டாளர் இருவரில் ஒருவர் (அவர் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவருக்கும் தெரியாது, ஏற்பாடே அதுதான்) ஒற்றை வரியில் கேட்டிருந்தார்: அடிக்குறிப்பு 17, வாரிய நடவடிக்கை எண் என்ன, தேதி என்ன? முதலில் கோபம் வந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வெட்கம் வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தர் அதே கட்டைக் கேட்டு வாங்கி, அதே தாளைப் புரட்டி, நான் சொன்னது அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அரசாணை என்றால் எண், துறை, தேதி வேண்டும். கல்வெட்டு என்றால் கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கையின் வருஷமும் எண்ணும். 'பழுப்பு அட்டை'யை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

ஜர்னலுக்குத் தயார் செய்வது கடைசி வாரத்து வேலை என்று நம் ஆராய்ச்சிப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். எழுத்துரு, வரி இடைவெளி, மேற்கோள் காட்டுகிற சிகாகோ நடை எல்லாம் ரெண்டு நாளில் முடிகிற காரியம். ழகர ளகரத்தை ஆங்கிலத்தில் எழுதத் தமிழ் லெக்சிகன் முறையைப் பிடித்தால் கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள், போதும். என்னைக் கேட்டால் கையெழுத்துப் பிரதி தயாராவது ஆவணக் காப்பகத்தில் பென்சிலை எடுக்கிற முதல் நாளில்.

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை அப்படியே பிய்த்து அனுப்புவது இன்னொரு கூத்து. 'மாவட்டத்தின் அமைவிடம், ஆறுகள், மழையளவு' என்று அது ஆரம்பிக்கும். பல ஜர்னல்களில் வரம்பு எட்டாயிரம், பத்தாயிரம் சொல். அடிக்குறிப்பும் அதற்குள் அடங்கவேண்டியிருக்கும். நான் பதினாலாயிரம் சொல்லை ஒன்பதாயிரமாக வெட்டினேன். முதலில் போனவை ஆறுகள்.

அனுப்பும்போது 'என் முந்தைய கட்டுரையில் காட்டியபடி' போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள், கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் பெயரையும் அழியுங்கள். இணையப் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. நான் அப்பா பெயரைப் போட்டேன். இன்றைக்கு யாராவது என்னை மேற்கோள் காட்டினால் அப்பாவைத்தான் காட்டுகிறார்கள். எட்டாவதோடு நின்றவர், கேட்டதும் சிரித்தார்.

காசு வாங்கிக்கொண்டு போடுகிற ஜர்னல்களைப் பற்றி யோக்கியன் மாதிரி பேச எனக்கு வாயில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்த காலத்தில் நானும் ஒன்றுக்கு அனுப்பினேன். மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள். அதில் இரண்டு வேறு வேறு தகவல்களுக்கு ஒரே அடிக்குறிப்பு தவறுதலாக விழுந்திருந்தது, ஒருத்தரும் கேட்கவில்லை. 2022 விதிகளில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது, அங்கீகரித்த ஜர்னல்களின் 'கேர்' பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இனி எது நல்ல ஜர்னல் என்று நாமேதான் படித்துப் பார்த்துச் சொல்லவேண்டும். எனக்கு ஒரே உரைகல்தான்: அந்த 17-ஆம் அடிக்குறிப்பைக் கேட்பார்களா?

மூன்றாம் நாள் சாயங்காலம் கடிதம் கிடைத்தது. எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். மாகாண அரசு அந்த ஆண்டிலேயே தானிய அளவைக் கொஞ்சம் கூட்டியது அல்லவா, கடிதம் அதற்குப் பிந்தையது. நானோ, கூலி குறைத்த கையோடு எழுந்த முதல் குரல் என்று அதை வைத்துப் பத்துப் பக்கம் எழுதியிருந்தேன்.

பத்துப் பக்கமும் போயிற்று. திருப்பி எழுத ஐந்து மாதம் ஆனது. அச்சில் அது அடிக்குறிப்பு 22.