'ஃபைனல்ல இதுக்கெல்லாம் பெனால்டியா?'

மச்சானுக்கும் எனக்கும் மறுபடி அதே சண்டை. 2022 உலகக் கோப்பையை மெஸ்ஸி வெல்லவில்லை, நடுவர்கள் தூக்கிக் கொடுத்தார்கள் என்பது அவன் கட்சி. "ஏழு மேட்ச்ல அஞ்சு பெனால்டி மாமா, நீங்களே எண்ணிப் பாருங்க" என்றான். சாப்பிட உட்கார்ந்தபோது ஆரம்பித்தது, அவன் பைக்கை எடுக்கும்வரை ஓயவில்லை. அங்கே சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

எண்ணிக்கை சரிதான். சவுதி, போலந்து, நெதர்லாந்து, குரோஷியா, பிரான்ஸ் என்று ஐந்து. போலந்து மேட்சில் மெஸ்ஸி அடித்ததை அவர்கள் கோல்கீப்பர் ஷ்செஸ்னி தடுத்துவிட்டார், மற்ற நான்கும் கோல். நான் அர்ஜென்டினா ரசிகன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் போலந்து பெனால்டியை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. பந்து மெஸ்ஸியின் தலையை விட்டுப் போன பிறகு கோல்கீப்பரின் கை அவர் முகத்தில் பட்டதற்கெல்லாம் பெனால்டி கொடுக்கக் கூடாது. ஃபைனலில் பிரான்சின் டெம்பெலே பின்னாலிருந்து வந்து டி மரியாவைத் தட்டியது, கொடுத்தாலும் தப்பில்லை, விட்டாலும் தப்பில்லை என்கிற ரகம். நடுவர் மார்சினியாக் கொடுத்தார். 23வது நிமிடத்தில் 1-0.

அந்த ஒரு முடிவு மேட்சை மாற்றியதா? மாற்றியது. இதில் மழுப்ப எதுவும் இல்லை. பெனால்டி என்றால் நான்கில் மூன்று கோலாகிவிடும். கால்பந்தில் 90 நிமிடம் ஓடியும் ஒரு கோல்கூட விழாத மேட்ச் எத்தனையோ உண்டு. அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு கோலுக்கு முக்கால் பங்கு வாய்ப்பை ஒரே ஆள் ஒரு விசிலில் கொடுக்கிறார். முன்னிலை எடுத்த அணி அதன்பிறகு வேறு மாதிரி ஆடும், பின்தங்கிய அணி வேறு மாதிரி ஆடும். "நல்ல டீம் எப்படியும் ஜெயிக்கும், ரெஃப்ரியைக் குறை சொல்லாதே" என்பவர்கள் தங்கள் அணி ஒரு பெனால்டியால் தோற்றதைப் பார்க்காதவர்கள்.

நான் பார்த்திருக்கிறேன். 1990 ஜூலை 8, ரோம், அர்ஜென்டினாவும் மேற்கு ஜெர்மனியும் மோதிய உலகக் கோப்பை ஃபைனல். நம் நேரத்துக்கு ராத்திரி பதினொன்றரை. தெருவில் டிவி இருந்த வீட்டுக் கூடத்தில் இருபது பேர், நான் பத்து வயதுப் பையன். 85வது நிமிடம், சென்சினி காலை நீட்ட ஃபோலர் விழுந்தார். மெக்சிகோ நடுவர் கொடேசால் பெனால்டி என்றார். பிரேமே வலது காலால் மூலையில் வைத்தார். எங்கள் கோல்கீப்பர் கோய்கோச்சியா சரியான பக்கம்தான் பாய்ந்தார், எட்டவில்லை. மேற்கு ஜெர்மனிக்குக் கோப்பை, மரடோனாவின் முகத்தில் கண்ணீர். அன்றிலிருந்து பல வருடம் கொடேசால் பெயரைக் கேட்டாலே எனக்கு எரியும்.

பெரியவனான பிறகு அந்த மேட்சை முழுதாகத் திரும்பப் பார்த்தேன். அந்தப் பெனால்டி பலவீனமானது என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்று கண்ணில் படாத இரண்டு விஷயங்கள் பட்டன. ஒன்று, அர்ஜென்டினா கோலை நோக்கிப் போகவே இல்லை. சமநிலையில் முடித்து, மாறிமாறிப் பெனால்டி அடிக்கும் டைபிரேக்கருக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்றே ஆடினார்கள். இன்னொன்று, அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மத்தேயஸ், எங்கள் கால்டெரோனை, கோலுக்கு முன்னால் கோடு போட்ட பாக்ஸுக்குள் வீழ்த்தியதற்கு விசிலே வரவில்லை. ஃபோலர் விழுந்ததைவிட அதுதான் பெனால்டி. அதற்கும் முன்னால் ஜெர்மனியின் அவுகென்தாலரை கோய்கோச்சியா வீழ்த்தியதற்கும் எதுவும் இல்லை. ஆக அந்த ராத்திரி ஒரே நடுவர் மூன்று முடிவு எடுத்தார், உலகம் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது. ஊதிய விசில் காதில் விழுகிறது. ஊதாதது யாருக்கும் விழுவதில்லை.

மச்சானிடம் நான் சொல்ல வந்தது இதைத்தான். அவன் சண்டையின் நடுவே "ஃபைனல்ல போய் இதுக்கெல்லாம் பெனால்டியா?" என்றான். எனக்கு இந்த வாக்கியத்தோடுதான் தகராறு. இதை அவன் மட்டும் சொல்லவில்லை. 2018 மாஸ்கோ ஃபைனல் முடிந்ததும் குரோஷியா பயிற்சியாளர் டாலிச் ஏறக்குறைய இதையேதான் சொன்னார், உலகக் கோப்பை ஃபைனலில் இப்படி ஒரு பெனால்டி கொடுக்க மாட்டார்கள் என்று. அவர் வலி எனக்குப் புரிகிறது. 1-1 என்று சமமாக நிற்கும்போது, குரோஷியா நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது, கார்னரில் வந்த பந்து பெரிசிச் கையில் பட்டது. நடுவர் பிட்டானா முதலில் கவனிக்கவில்லை. வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் வி.ஏ.ஆர். குழு கூப்பிட்டது. திரையில் பார்த்தார், திரும்பி நடந்தார், மனசு ஒப்பாமல் மறுபடி போய்ப் பார்த்தார். அப்புறம்தான் கொடுத்தார். உலகக் கோப்பை ஃபைனல் ஒன்றில் வி.ஏ.ஆர். பார்த்துக் கொடுத்த முதல் பெனால்டி அது. கிரீஸ்மன் அடித்தார், 2-1. கடைசியில் 4-2 என்று பிரான்ஸ் ஜெயித்தது.

அதே மேட்சின் முதல் கோலை யோசித்துப் பாருங்கள். கிரீஸ்மன் யாரும் தள்ளாமலே விழுந்து ஒரு ஃப்ரீ கிக் வாங்கினார், அதிலிருந்து மான்சுகிச் தலையில் பட்டு சேம் சைடு கோல். அப்போதைய விதிப்படி ஃப்ரீ கிக் சரியா தவறா என்று வி.ஏ.ஆர். பார்க்க முடியாது. அதனால் உண்மையிலேயே தப்பான முடிவு சத்தமில்லாமல் போய்விட்டது, ஓரளவாவது நியாயம் சொல்லக்கூடிய பெனால்டிதான் வசவு வாங்கியது. 'ஃபைனல் என்றால் மட்டும் கையில் பட்டால் குற்றமில்லை' என்று விதிப்புத்தகத்தில் எங்கேயும் எழுதவில்லை. முதல் சுற்றில் பெனால்டி என்றால் ஃபைனலிலும் பெனால்டிதான்.

'ஃபைனலில் போய் பெனால்டியா' என்கிற இந்தப் பேச்சுக்கு நேர் எதிரான ஒரு தைரியத்தை 1974ல் ஜாக் டெய்லர் காட்டினார். இங்கிலாந்துக்காரர், இறைச்சிக் கடை வைத்திருந்தவர். ம்யூனிக்கில் ஃபைனல், சொந்த மண்ணில் மேற்கு ஜெர்மனி, எதிரே நெதர்லாந்து. முதல் நிமிடத்திலேயே ஹோனஸ், க்ரைஃபை வீழ்த்த, பெனால்டி. ஜெர்மனிக்காரர்கள் அதுவரை பந்தைத் தொட்டிருக்கவே இல்லை. நீஸ்கென்ஸ் அடித்தார். கேப்டன் பெக்கன்பவர் பக்கத்தில் வந்து "நீங்கள் ஆங்கிலேயர்தானே" என்றதாக டெய்லரே பிற்பாடு சொன்னார். 25வது நிமிடத்தில் ஹோல்சன்பைன் நெதர்லாந்து பாக்ஸில் விழுந்தார், அதற்கும் பெனால்டி, ப்ரைட்னர் அடித்து 1-1. அப்புறம் கெர்ட் ம்யூலர் அடித்து ஜெர்மனிக்குக் கோப்பை. ஜெர்மன் மொழியில் தகைவிலான் குருவிக்கு ஷ்வால்பே என்று பெயர். வேண்டுமென்றே விழுவதற்கும் அதே சொல். டச்சுக்காரர்கள் இன்றும் அந்த ஜெர்மன் சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது பெனால்டி முதலாவதற்கு ஈடுகட்டவா? டெய்லர் இல்லை என்றார், அவரை நான் நம்புகிறேன். ஆனால் மனித மனம் அப்படிச் சாயக்கூடியது என்பதும் உண்மை. 2001ல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், ஓர் அணிக்கு ஒரு பெனால்டி கொடுத்தவர்கள் அதே அணிக்கு அடுத்ததைக் கொடுக்கத் தயங்கினார்கள், எதிரணிக்குக் கொடுக்கக் கொஞ்சம் சுலபமாக முன்வந்தார்கள். இதில் லஞ்சமும் இல்லை, சதியும் இல்லை. நியாயமாக நடக்க வேண்டும் என்ற பயமே ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது.

அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் பள்ளிப் பையன்களுக்கு ஒரு செவன்ஸ் போட்டி, அணிக்கு ஏழு பேர். வரவேண்டிய நடுவர் வரவில்லை, விசிலை என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஃபைனல், 0-0, கடைசி நிமிடம். டிஃபெண்டர் பையன் ஒருவன், கோலை நோக்கி ஓடியவனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். விசில் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை. இந்த நேரத்தில் மேட்சை முடித்து வைக்க நான் யார், பையன்களே முடித்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. டைபிரேக்கரில் இழுத்தவனின் அணி ஜெயித்தது. விழுந்த பையன் சண்டைக்கு வரவில்லை. "சார், நீங்க பாத்தீங்கல்ல?" என்று மட்டும் கேட்டான். பார்க்கவில்லை என்று சொன்னேன்.

அன்று நான் மேட்சில் தலையிடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன். உண்மையில் அந்த மேட்சை முடித்ததே நான்தான்.

2010 ஜோஹானஸ்பர்க் ஃபைனலில் நெதர்லாந்தின் டி யாங், ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் ஷூவின் ஸ்டட்ஸ் வைத்து உதைத்தார். நடுவர் ஹோவர்ட் வெப் மஞ்சள் அட்டை மட்டும் காட்டினார். தன் பார்வை மறைந்துவிட்டது, அது சிவப்பு அட்டைதான் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பார்க்காமல் விட்ட அவரை நான் மன்னிப்பேன். பார்த்தும் விட்ட என்னை அந்தப் பையன் எதற்கு மன்னிக்க வேண்டும்?

அதனால்தான் மார்சினியாக் மேல் எனக்கு மரியாதை. அர்ஜென்டினா ஜெயித்ததால் சொல்லவில்லை. அதே மேட்சில் பிரான்சுக்கு இரண்டு பெனால்டி கொடுத்தவரும் அவர்தான். ஓட்டமெண்டி, கோலோ முவானியை இழுத்ததற்கு 80வது நிமிடத்தில் ஒன்று. எம்பாப்பே அதை அடித்து, இரண்டு நிமிடம் ஆகும் முன்பே இன்னொரு கோலும் போட்டார். 2-2 என்றான பிறகு துராம் பாக்ஸில் விழுந்தபோது மயங்காமல், நடித்ததற்கு மஞ்சள் அட்டை காட்டினார். 116வது நிமிடம், அர்ஜென்டினா 3-2 முன்னிலை, மோன்டியல் முழங்கையில் பந்து பட்டது. உலகமே மெஸ்ஸியிடம் கோப்பை போவதைப் பார்க்கக் காத்திருந்த நேரம் அது. அவர் தயங்கவில்லை. நான் டிவி முன் தலையில் அடித்துக்கொண்டேன், ஆனால் அது பெனால்டிதான். தான் செய்த ஒரு தவறையும் பின்னர் அவரே சொன்னார். பிரான்ஸ் எதிர்த்தாக்குதலில் இருந்தபோது அட்வான்டேஜ் கொடுக்காமல், அதாவது ஆட்டத்தை ஓடவிடாமல், ஃபவுலுக்கு ஊதிவிட்டதாக. 3-3 என்று சமமாகி மேட்ச் ஷூட்அவுட்டுக்குப் போனது, அதில் கடைசிப் பெனால்டியை அடித்து வென்று கொடுத்தது அதே மோன்டியல்.

ரசிகர்கள் கேட்க வேண்டியது பெனால்டியைக் குறைக்கச் சொல்லி அல்ல, ஏன் கொடுத்தார் என்பதை நம் காதுக்குக் கேட்கும்படி விளக்கச் சொல்லி. 2023 பெண்கள் உலகக் கோப்பையில் அதைச் செய்தார்கள். சிட்னி ஃபைனலில் ஸ்பெயின் 1-0 முன்னிலையில் இருந்தபோது, இங்கிலாந்தின் கீரா வால்ஷ் கையில் பந்து பட்டதை நடுவர் டோரி பென்சோ திரையில் பார்த்துவிட்டு, மைக்கில் அரங்கம் முழுக்கக் கேட்கும்படி காரணத்தைச் சொல்லிப் பெனால்டி கொடுத்தார். ஹெர்மோசோ அடித்ததை மேரி ஏர்ப்ஸ் அப்படியே பிடித்துவிட்டார். 1-0 என்றே மேட்ச் முடிந்தது.

அந்த வீடியோவை மச்சானுக்கு அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பாடு. போலந்து பெனால்டியை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன், மற்ற நான்கையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.